கெர்னலில் பெரிய நினைவகப் பஃபரைக் கேட்டுப் பெறுவது எப்படி?

இயந்திரத்தை பூட் செய்த கையோடு ஓட்டிப் பார்த்தால் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டு வாரம் அணைக்காமல் ஓடவிட்ட பிறகு அதே டிரைவர், நினைவகம் கிடைக்கவில்லை என்று கையை விரிக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் டிரைவர் எழுதும் எவரும் என்றாவது ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். நான் நின்றது ஒரு கேமரா டிரைவரில். சாதனக் கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 2 எம்பி பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) ஒன்றைக் கேட்கும்படி எழுதியிருந்தேன். சோதனை மேசையில் ஒருமுறைகூடத் தவறவில்லை. களத்துக்குப் போன பிறகு தவறியது. நினைவகக் கசிவாகத்தான் இருக்கும் என்று மூன்று நாள் தேடினேன். கசிவே இல்லை. நூற்றுக்கணக்கான எம்பி காலியாகவே கிடந்தது. ஆனால் அதில் 2 எம்பி அளவுக்கு ஒட்டிய ஒரே துண்டு எங்கும் இல்லை.

நினைவகம் காலியாக இருப்பது வேறு, அது ஒரே துண்டாகக் காலியாக இருப்பது வேறு. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது. செயற்கூறுகளின் பெயர்களை உச்சரிக்கும் விதமாகவே எழுதியிருக்கிறேன். கெர்னல் குறிமுறையோடு பழகியவர்களுக்கு அடையாளம் தெரியும்.

படி 1: எவ்வளவு காலி என்பதை விட்டுவிட்டு, எப்படிக் காலி என்று பாருங்கள்

கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக நிர்வகிக்கிறது. எக்ஸ்86-64 கணினியில் ஒரு பக்கம் 4 கேபி. அடியில் இருந்து இதைப் பங்கிட்டுக் கொடுப்பது பட்டி அலொகேட்டர். 1965-இல் நோல்ட்டன் வெளியிட்ட கட்டுரையில் உள்ள முறைதான் இது. இன்றும் ஏறக்குறைய அதே வடிவில் ஓடுகிறது. பக்கங்களை 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்குகளாகக் கட்டி வைத்திருக்கும். இந்த அடுக்குக்கு ஆர்டர் என்று பெயர். ஆர்டர் 0 என்றால் ஒரு பக்கம், ஆர்டர் 3 என்றால் எட்டுப் பக்கங்கள், அதாவது 32 கேபி. வழக்கமான அமைப்பில் உச்சம் ஆர்டர் 10, அதாவது 4 எம்பி. சிறிய துண்டு இல்லையென்றால் பெரியதை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைக் கொடுக்கும். அது திரும்பி வரும்போது அதன் இணைப் பாதியும் காலியாக இருந்தால் மட்டும் இரண்டையும் மறுபடி ஒட்டும்.

இப்போது, கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவில் உள்ள பட்டிஇன்ஃபோ கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு ஸோனுக்கும் (கெர்னல் நினைவகத்தைப் பிரித்து வைத்திருக்கும் பெரும்பகுதி) ஒரு வரி இருக்கும்; வரியில் பதினோரு எண்கள், ஆர்டர் 0 முதல் 10 வரை. எடுத்துக்காட்டாக நார்மல் ஸோனின் வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

4381 2210 964 310 88 21 4 1 0 0 0

முதல் எண்ணை 4 கேபியால், அடுத்ததை 8 கேபியால், அதற்கடுத்ததை 16 கேபியால் என்று பெருக்கிக் கூட்டினால் 70,404 கேபி வருகிறது. கிட்டத்தட்ட 69 எம்பி காலி. ஆனால் கடைசி மூன்று எண்களும் பூஜ்யம். இருப்பதிலேயே பெரிய துண்டு 512 கேபி. அதுவும் ஒன்றே ஒன்று. இந்த நிலையில் 1 எம்பி கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை.

இந்த நிலை ஏன் வருகிறது? பயனர் நிரல்களின் பக்கங்களை கெர்னலால் வேறு இடத்துக்கு நகர்த்த முடியும். அவை பக்க அட்டவணை வழியாக எட்டப்படுபவை, அட்டவணையைத் திருத்தினால் போதும். கெர்னல் தனக்கென எடுத்துக்கொண்ட பக்கங்களில் பெரும்பாலானவற்றை அப்படி நகர்த்த முடியாது. அவற்றின் முகவரியைச் சுட்டுகளில் நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தச் சுட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. ஒரு பெரிய பகுதியின் நடுவில் நகராத பக்கம் ஒன்று உட்கார்ந்துவிட்டால் போதும், அது இருக்கும்வரை அந்தப் பகுதி முழுத்துண்டாக மாறவே மாறாது. இதைக் குறைக்கத்தான் கெர்னல் நகரும் பக்கங்களையும் நகராத பக்கங்களையும் தனித்தனிப் பகுதிகளில் குடியமர்த்தப் பார்க்கிறது. தேவைப்படும்போது நகரும் பக்கங்களை ஓரமாக ஒதுக்கி இடம் சேர்க்கும் வேலையும் நடக்கிறது; இதைக் காம்பேக்ஷன் என்கிறார்கள். ஆனாலும் இயந்திரம் ஓட ஓடத் துண்டாடல் கூடிக்கொண்டேதான் போகும் என்று எண்ணித் திட்டமிடுவதே பாதுகாப்பானது.

படி 2: இந்த பஃபரை யார் தொடப்போகிறார்கள்?

ஒரு வரி எழுதும் முன்பே இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். செயலி (சிபியூ) மட்டுமே படித்து எழுதப்போகிறதா, அல்லது ஒரு வன்பொருள் சாதனமும் டிஎம்ஏ (செயலியின் தலையீடு இல்லாமல் சாதனமே நினைவகத்தை அணுகும் முறை) வழியாக நேரடியாக அதைத் தொடப்போகிறதா?

செயலி மெய்நிகர் முகவரிகளின் வழியாகவே நினைவகத்தைப் பார்க்கிறது. பின்னால் உள்ள பக்கங்கள் எத்தனை இடத்தில் சிதறிக் கிடந்தாலும் பக்க அட்டவணை அவற்றை ஒரே கோட்டில் நிறுத்திக் காட்டிவிடும். ஆகவே செயலிக்கு மட்டும் என்றால் உண்மையான ஒட்டிய துண்டு தேவையே இல்லை. டிரைவர்களில் நான் பார்த்த பெரிய ஒட்டிய கோரிக்கைகளில் பாதிக்கு மேல், யாரும் கேட்காத இந்தத் தொடர்ச்சியைக் கேட்டுத் தாமே சிக்கலை வரவழைத்துக்கொண்டவை. என் கேமரா டிரைவரும் அதில் சேர்த்திதான். அந்த 2 எம்பியைத் தொட்டது செயலி மட்டுமே.

படி 3: செயலிக்கு மட்டும் என்றால் கேவிமல்லாக்

முதலில் எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். பெரிய அணியை ஸ்டாக்கில் (செயற்கூறுகளின் உள்மாறிகள் தங்கும் சிறு நினைவகம்) வைக்காதீர்கள். எக்ஸ்86-64 கெர்னலில் ஒரு பணிக்குக் கிடைப்பது 16 கேபி ஸ்டாக். அதையும் அழைப்புச் சங்கிலி முழுவதும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

கேவிமல்லாக் 2017-இல் 4.12 பதிப்போடு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு துணையமைப்பும் தனக்கென எழுதி வைத்திருந்த ஒரு வழக்கத்தை அது பொதுவாக்கியது: முதலில் கேமல்லாக்கிடம் ஒட்டிய துண்டாகக் கேள், கிடைக்காவிட்டால் விமல்லாக்கிடம் சிதறிய பக்கங்களாகக் கேள். ஒரு பக்கத்தைத் தாண்டிய கோரிக்கை என்றால் முதல் முயற்சியை மென்மையாகவே செய்யும். அந்த முயற்சி தோற்றால் எச்சரிக்கை அச்சிடாது, கணினியைப் பிழியாது, நேராக அடுத்த வழிக்குப் போய்விடும். விடுவிக்கும்போது கேவிஃப்ரீ. உள்ளே எது கிடைத்தது என்பதை அதுவே முகவரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். கேவிமல்லாக்கில் பெற்றதைக் கேஃப்ரீயிடம் கொடுப்பது மிக ஆபத்தான பிழை. சோதனையில் கேமல்லாக் வழியே கிடைத்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. விமல்லாக் வழியே கிடைத்த முதல் நாளில் வெடிக்கும்.

அழைப்பதற்கு முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

உறங்கக்கூடிய, அதாவது காத்திருக்கக்கூடிய, இடத்தில் இருக்கிறீர்களா? ஸ்பின்லாக் (உறங்காமல் சுழன்று காத்திருக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதோ இன்டரப்ட் (சாதனத்தின் குறுக்கீடு) கையாளும்போதோ இதை அழைக்கக்கூடாது. எப்படித் தேட வேண்டும் என்று சொல்லும் கொடியாக ஜிஎஃப்பி_கெர்னல் கொடுங்கள். ஜிஎஃப்பி_அட்டாமிக் கொடுத்துப் பெரிய துண்டு கேட்பது பெரும்பாலும் வீண். அது உறங்க முடியாது என்பதால் பக்கங்களை மீட்கவும் முடியாது, காம்பேக்ஷன் செய்யவும் முடியாது. அப்போதைக்குக் கையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

அளவை நீங்கள் பெருக்கிக் கொடுக்கிறீர்களா? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். பயனர் நிரலில் இருந்து ஓர் எண்ணிக்கையும் ஓர் உருப்படியின் அளவும் வருகின்றன. இரண்டையும் 32 பிட் மாறிகளில் பெருக்குகிறீர்கள். எண்ணிக்கை 65,536, அளவு 65,537 என்றால் உண்மையான பெருக்கல்தொகை 4 ஜிபியைத் தாண்டுகிறது. 32 பிட்டில் மிஞ்சுவதோ வெறும் 65,536. ஆக, 64 கேபி பஃபர் வெற்றிகரமாகக் கிடைத்துவிடும். அதன் பிறகு ஓடும் சுழல் 65,536 உருப்படிகளையும் எழுதும். முதல் உருப்படியின் கடைசி பைட்டிலேயே எல்லை தாண்டி மற்றவர்களின் நினைவகத்தை அழிக்கத் தொடங்கிவிடும். பாதுகாப்புத் துளைகள் பலவும் இந்த ஒரே வடிவத்தில்தான் பிறந்திருக்கின்றன. கேவிமல்லாக்_அரே, கேவிகேலாக் இரண்டும் எண்ணிக்கையையும் அளவையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு, பெருக்கல் வழிந்தால் வெற்றுச் சுட்டைத் திருப்பும். ஒரு தலைப்புக் கட்டமைப்புக்குப் பின்னால் அணி ஒட்டி வந்தால் ஸ்ட்ரக்ட்_சைஸ் இருக்கிறது. கையால் பெருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கூடவே, பயனர் கேட்கக்கூடிய அளவுக்கு நீங்களே ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

பஃபரின் உள்ளடக்கம் எந்த வழியிலாவது பயனர் நிரலுக்குப் போகுமா? போகும் என்றால் பூஜ்யம் நிரப்பித் தரும் கேவிஸெட்அலாக்கைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் இதற்கு முன் இருந்தவரின் தரவு வெளியே கசியும்.

படி 4: கேமல்லாக்கிடமே கேட்டாக வேண்டும் என்றால்

கேமல்லாக் சிறிய கோரிக்கைகளுக்குத் தயாராக வெட்டி வைத்த அளவுகளில் இருந்து கொடுக்கிறது. 4 கேபி பக்கம் உள்ள கணினியில் 8 கேபியைத் தாண்டினால் நேராகப் பட்டி அலொகேட்டரிடம் போய்விடும். அங்கே எல்லாம் இரண்டின் அடுக்குதான். 1 எம்பிக்கு மேல் ஒரே ஒரு பைட் கூடுதலாகக் கேட்டாலும் 2 எம்பி எடுத்துக் கொடுக்கப்படும், மிச்சம் வீண். தலைப்புக்கென்று 64 பைட்டைப் பஃபரோடு சேர்த்துக் கேட்கும் வழக்கம் இதனால்தான் செலவு பிடித்தது. தலைப்பைத் தனியாகக் கேளுங்கள். இரண்டின் அடுக்காக இல்லாத அளவு தவிர்க்க முடியாதது என்றால் அலாக்_பேஜஸ்_எக்ஸாக்ட் உண்டு. பெரிய துண்டை எடுத்து, வேண்டாத வால் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஆர்டர் 3 வரை ஒரு நடத்தை, அதற்கு மேல் வேறு நடத்தை என்பதையும் மனதில் வையுங்கள். 32 கேபி வரை ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு கேட்டால் கெர்னல் விடாமல் முயலும். வேறு நிரலைக் கொன்றாவது இடம் பிடிக்கப் பார்க்கும். அதைத் தாண்டினால் ஓரளவு முயன்றுவிட்டுத் தோல்வியைத் திருப்பிவிடும். இன்னும் கொஞ்சம் அழுத்தி முயல வேண்டும், ஆனால் எந்த நிரலும் கொல்லப்படக்கூடாது என்றால் ரீட்ரை_மேஃபெயில் கொடி சரியானது. மாற்றுவழி கையில் இருக்கிறது, சட்டென்று பதில் தெரிந்தால் போதும் என்றால் நோரீட்ரை. அதோடு நோவார்ன் கொடியையும் சேர்த்தால் பதிவேட்டில் வீண் எச்சரிக்கை நிரம்பாது.

படி 5: விமல்லாக் கேட்கும் விலை

சிதறிய பக்கங்களை ஒட்டிக் காட்டுவது இலவசம் அல்ல. எக்ஸ்86-64 கெர்னல், நினைவகம் முழுவதையும் வரிசையாகக் காட்டும் தன் நேர்ப் படத்தை 2 எம்பி அல்லது 1 ஜிபி பெரும்பக்கங்களால் கட்டியிருக்கிறது. விமல்லாக் வழக்கமாக 4 கேபி பக்கங்களால் கட்டுகிறது. 16 எம்பி பஃபர் என்றால் நேர்ப் படத்தில் 2 எம்பி பதிவுகள் எட்டு, விமல்லாக்கில் 4,096. அங்கும் இங்கும் தாவித் தாவிப் படிக்கும் அட்டவணையாக இருந்தால் டிஎல்பி (பக்க அட்டவணைப் பதிவுகளைச் செயலி கையருகே வைத்துக்கொள்ளும் சிறு கேஷ்) தவறுகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடும். வரிசையாகப் படிப்பது என்றால் பெரிதாக உறைக்காது. அடிக்கடி எடுத்து அடிக்கடி விடும் வேலைக்கு விமல்லாக் ஏற்றதல்ல. விடும்போது எல்லாச் செயலிகளின் டிஎல்பியிலும் பழைய பதிவுகளைத் துடைக்க வேண்டியிருக்கிறது. அதை கெர்னல் தள்ளிப்போட்டு மொத்தமாகச் செய்தாலும் செலவு செலவுதான்.

32 பிட் கணினிகளில் இன்னொரு நெருக்கடி. அங்கே விமல்லாக்கின் முகவரிப் பரப்பே குறுகியது. எக்ஸ்86-இல் இயல்பாக 128 எம்பி. நினைவகம் இருந்தும் முகவரி தீர்ந்துபோகும். யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்பதை ப்ராக் அடைவின் விமல்லாக்இன்ஃபோ காட்டும்.

படி 6: சாதனமும் தொடும் என்றால்

சாதனத்துக்குப் பக்க அட்டவணை தெரியாது. பஸ்ஸின் மேல் முகவரியை வைத்து நேராகப் போகும். விமல்லாக் முகவரியை டிஎம்ஏ_மேப்_சிங்கிளிடம் கொடுத்தால் இன்றைய கெர்னல் எச்சரிக்கை அச்சிட்டு மறுத்துவிடும். இதே காரணத்தால் ஸ்டாக்கில் உள்ள மாறியையும் டிஎம்ஏவுக்குக் கொடுக்கக்கூடாது. விமல்லாக் பகுதியில் ஸ்டாக் வைக்கும் முறை எக்ஸ்86-க்கு 4.9 பதிப்பில் வந்தபோது, அதுவரை தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த டிரைவர்கள் பல அம்பலப்பட்டன.

முதல் வேலை, சாதனம் எத்தனை பிட் முகவரியை எட்டும் என்பதை டிஎம்ஏ_செட்_மாஸ்க்_அண்ட்_கோஹிரன்ட் மூலம் அறிவிப்பது. 64 பிட் எட்டும் சாதனத்துக்கு இதை மறந்தால் கெர்னல் 32 பிட் என்றே எடுத்துக்கொள்ளும். 4 ஜிபிக்கு மேலே உள்ள பஃபர்களுக்குத் தரவு இடைத்தாங்கி ஒன்றின் வழியாக நகலெடுக்கப்படும். இந்த இடைத்தாங்கிக்கு எஸ்டபிள்யூஐஓடிஎல்பி என்று பெயர். இயல்பு அளவு 64 எம்பி, ஒரே தடவையில் மேப் செய்யக்கூடியது 256 கேபி. அதற்கு மேற்பட்ட துண்டு அந்த வழியில் போகாது. "நினைவகம் ஏராளம், மேப் மட்டும் தோற்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் இந்த மாஸ்க் வரியைத்தான் தேடுவேன்.

அடுத்து, சாதனத்தின் கையேட்டைத் திறந்து அது ஸ்கேட்டர்-கேதர் அறியுமா என்று பாருங்கள். முகவரியும் நீளமும் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் சாதனமே துண்டு துண்டாகப் படித்துக்கொள்ளும் வசதி இது. அறியும் என்றால் சிக்கல் முடிந்தது. ஒற்றைப் பக்கங்களாக எடுத்து, எஸ்ஜி அட்டவணையில் அடுக்கி, டிஎம்ஏ_மேப்_எஸ்ஜி அழையுங்கள். திரும்பி வரும் எண் நீங்கள் கொடுத்ததைவிடக் குறைவாக இருக்கலாம். அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றாக்கப்பட்டிருக்கும். சாதனத்துக்கு எழுதும்போது திரும்பி வந்த எண்ணிக்கையைத்தான் பயன்படுத்த வேண்டும், விடுவிக்கும்போது முதலில் கொடுத்த எண்ணிக்கையை. இந்த இரண்டும் இடம் மாறுவது வழக்கமான பிழை.

ஸ்கேட்டர்-கேதர் அறியாத சாதனம் என்றால் டிஎம்ஏ_அலாக்_கோஹிரன்ட். இரண்டு முகவரிகள் கிடைக்கும், செயலிக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று. இரண்டும் வேறு வேறு. ஒன்றில் இருந்து மற்றதைக் கணக்கிட முயலாதீர்கள். ஐஓஎம்எம்யூ (சாதனம் பார்க்கும் முகவரிகளை மாற்றித் தரும் வன்பொருள்) உள்ள கணினியில் பின்னால் பக்கங்கள் சிதறியே இருக்கலாம், சாதனத்தின் பார்வையில் மட்டும் ஒட்டித் தெரியும். ஐஓஎம்எம்யூ இல்லாத சிறிய பலகைகளில் உண்மையாகவே ஒட்டிய துண்டு வேண்டும். பல ஆர்ம் கணினிகளில் இப்படிக் கிடைக்கும் நினைவகம் கேஷ் இல்லாமல் மேப் செய்யப்பட்டிருக்கும். அதைச் செயலி பைட் பைட்டாகப் படித்தால் மிக மெதுவாக இருக்கும். படத்தைச் சாதனம் எழுதுகிறது, செயலி முழுவதையும் படித்து அலசுகிறது என்ற நிலையில், சாதாரண நினைவகத்தை மேப் செய்து டிஎம்ஏ_சிங்க் அழைப்புகளால் கைமாற்றிக்கொள்வதே வேகமானது.

ஐஓஎம்எம்யூவும் இல்லை, 4 எம்பிக்கு மேலும் வேண்டும் என்றால் சிஎம்ஏ. 2012-இல் 3.5 பதிப்பில் சேர்ந்த இது, பூட்டின்போதே ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துவிட்டு, தேவைப்படும்வரை நகரும் பக்கங்களுக்கு அந்த இடத்தை இரவல் கொடுக்கிறது. நீங்கள் கேட்கும்போது குடியிருப்பவர்களை வேறிடம் அனுப்பிவிட்டு ஒட்டிய துண்டைத் தருகிறது. பூட் கட்டளையில் சிஎம்ஏ=64எம் என்ற வகையிலோ, டிவைஸ் ட்ரீயின் (வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் தரவு) ஒதுக்கிய நினைவகப் பிரிவிலோ அளவைச் சொல்லலாம். டிஎம்ஏ_அலாக்_கோஹிரன்ட் தேவைப்பட்டால் தானே இதில் இருந்து எடுத்துக்கொள்ளும். டிரைவரில் வேறு மாற்றம் வேண்டாம். ஆனால் பக்கங்களை நகர்த்த நேரம் பிடிக்கும், அந்த நேரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது. ஓடும் வீடியோவின் நடுவில் புதிதாகக் கேட்டால் ஃப்ரேம் விழும். ப்ராக் அடைவின் மெம்இன்ஃபோவில் சிஎம்ஏஃப்ரீ வரியைக் கவனித்து வாருங்கள்.

படி 7: பயனர் நிரலுக்கு மேப் செய்து கொடுப்பது

எந்த வழியில் பெற்றீர்களோ அதற்குரிய வழியில்தான் கொடுக்க வேண்டும். விமல்லாக்_யூசரில் பெற்றதற்கு ரீமேப்_விமல்லாக்_ரேஞ்ச்; அது பூஜ்யம் நிரப்பியே வரும். கோஹிரன்டுக்கு டிஎம்ஏ_எம்மேப்_கோஹிரன்ட். கேட்கப்படும் நீளமும் நகர்வும் பஃபருக்குள் அடங்குகின்றனவா என்பதை உங்கள் எம்மேப் கையாளியில் நீங்களே சரிபாருங்கள்.

படி 8: எப்போது கேட்பது, தோற்றால் என்ன செய்வது

ஒட்டிய துண்டுதான் வேண்டும் என்று தெரிந்துவிட்டால், சாதனம் கண்டறியப்படும் ப்ரோப் நிலையிலேயே கேட்டு வாங்கி, டிரைவர் அகற்றப்படும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நினைவகம் இன்னும் துண்டாகியிருக்காது. கொஞ்சம் இடம் சும்மா கிடக்குமே என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கேட்டு, மூடும்போதெல்லாம் விடும் டிரைவர், ஒருநாள் விட்டதைத் திரும்பப் பெறாது. பல பஃபர்கள் தேவையென்றால் ஒரு சிறு தொகுப்பை முதலிலேயே எடுத்து வைத்துச் சுழற்றுங்கள்.

என் டிரைவரில் இறுதியாகச் செய்த மாற்றம் நான்கே வரி. கேமல்லாக் இருந்த இடத்தில் கேவிமல்லாக், கேஃப்ரீ இருந்த இடத்தில் கேவிஃப்ரீ, அழைப்பை ப்ரோபுக்கு நகர்த்தியது, திரும்பும் சுட்டைச் சோதித்தது.

தோல்விப் பாதையை எழுதிவிட்டால் மட்டும் போதாது, ஓட்டிப் பார்க்க வேண்டும். நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கவைக்கும் ஃபெயில்_பேஜ்_அலாக் வசதியோடு கெர்னலைக் கட்டுங்கள். பிழைதிருத்தத்துக்கான கோப்பு முறைமையான டீபக்எஃப்எஸ்ஸில் அதே பெயரில் ஓர் அடைவு வரும். மின்-ஆர்டரில் நீங்கள் கேட்கும் ஆர்டரை இடுங்கள். சிறிய கோரிக்கைகள் தப்பிக்கும், பெரியவை மட்டும் தோற்கும். இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் என்ற கோப்பில் என் (N) என்ற எழுத்தை எழுத மறக்காதீர்கள். இயல்பாக அது ஒய் (Y) என்றிருக்கும். அப்படியே விட்டால் ஜிஎஃப்பி_கெர்னல் கோரிக்கைகள் எதுவும் தோற்காது, உங்கள் பாதை சோதிக்கப்பட்டதாகத் தவறாக நம்பிவிடுவீர்கள். டைம்ஸ் மதிப்பையும் இயல்பான 1-இல் இருந்து -1 ஆக்குங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு தோல்வியோடு நின்றுவிடும். பிறகு ப்ராபபிலிட்டியை 100 ஆக்கி டிரைவரை ஏற்றுங்கள், இறக்குங்கள், மறுபடி ஏற்றுங்கள். கசிவைத் தேடும் கேமெம்லீக்கும் தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கேஏசானும் அதே கெர்னலில் இயங்கிக்கொண்டிருந்தால், பாதியில் நின்றுபோன ப்ரோப் விடுவிக்க மறந்த பஃபர்களில் பெரும்பாலானவையும், இரண்டு முறை விடுவித்த சுட்டுகளும் அன்றே உங்கள் திரைக்கு வந்துவிடும்.